கருப்பு விதையிலிருந்து சின்ன வெங்காயம்: வீட்டுத் தோட்டத்தில் நமக்கென்று ஒரு ரகம்

சின்ன வெங்காயம் நடுவதென்றால் நம் ஊரில் காயை நடுவதுதான். பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் என்று எங்கே போனாலும், பட்டறையில், அதாவது வெங்காயம் சேமிக்கும் காற்றோட்டமான கொட்டகையில், காத்து வைத்த விதைக்காயை உதிர்த்து, பாரின் (மண் மேட்டு வரிசையின்) இரு பக்கமும் ஊன்றுவதைப் பார்க்கலாம். ஊன்றிய ஒரு காய் பக்கவாட்டில் பிரிந்து நான்கைந்து காயாகப் பெருகும். 65, 70 நாளில் தாள் (வெங்காய இலை) சாய்ந்ததும் பிடுங்கிவிடலாம். விதை என்ற பேச்சே இதில் வருவதில்லை. சின்ன வெங்காயம் பூக்குமா, அதற்கு விதை உண்டா என்று தோட்டம் போடுகிறவர்களே கேட்பதுண்டு.

பூக்கும். விதையும் உண்டு. எள்ளைவிடச் சற்றுத் தடித்த, மூன்று பக்கம் கொண்ட கருப்பு விதை. ஒரு கிராமில் ஏறத்தாழ 250 முதல் 300 வரை இருக்கும். மாடித் தோட்டமோ கொல்லைப்புறமோ வைத்திருப்பவர் அந்தக் கருப்பு விதையை ஒரு முறையாவது விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு முதலில் காய்க்கும் விதைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

காயை நட்டு எடுக்கும் காய்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் வேறுபாடு கிடையாது. ஒரே செடிதான் பிரிந்து பிரிந்து பெருகுகிறது. நிறம், காரம், எத்தனையாகப் பிரியும், எத்தனை மாதம் கெடாமல் தாங்கும் என்பதெல்லாம் அப்படியே தொடரும். நல்ல ரகம் கையில் இருப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் புதிதாக எதுவும் வந்துவிடாது. போதாக்குறைக்குத் தாய்க்காயில் இருந்த நோயும் கூடவே வரும். வெங்காயத்தில் மஞ்சள் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் நச்சுயிரியால் (வைரஸால்) வருவது. தாளில் மஞ்சள் கோடு விழும், தாள் துவண்டு சுருங்கும், காய் சிறுத்துப்போகும். அந்த நச்சுயிரி ஒரு முறை செடிக்குள் புகுந்துவிட்டால், அந்தக் காயின் வழியில் வரும் அத்தனை காய்க்கும் போய்ச் சேரும். விதை வழியாக அது பரவுவதில்லை. அதனால் விதையில் முளைத்த நாற்று அந்த நோய் இல்லாமல் வாழ்க்கையைத் தொடங்குகிறது.

விதையின் சங்கதியே வேறு. மகரந்தம் சேர்ந்து உருவாகும் ஒவ்வொரு விதையும் ஒரு தனிப் பிறவி. ஒரே பூங்கொத்திலிருந்து எடுத்த நூறு விதையை விதைத்தாலும் நூறு செடியும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று அடர் சிவப்பு, ஒன்று வெளிறிய இளஞ்சிவப்பு, ஒன்று ஒற்றைக் காயாகவே திரளும், இன்னொன்று ஐந்தாகப் பிரியும். பெரும்பாலானவை சுமாராகத்தான் இருக்கும். சில தாயைவிட மோசமாகப் போகும். ஒன்றிரண்டு மட்டும் தாயைத் தாண்டி நிற்கும். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் இந்த வேலை.

கத்தரியிலோ மிளகாயிலோ அப்படி ஒரு நல்ல செடி கிடைத்தால், அதன் குணத்தை நிலைநிறுத்தப் பல தலைமுறை விதைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை. பிடித்த செடியின் காயைப் பிரித்து அடுத்த பட்டத்தில் ஊன்றிவிட்டால் ரகம் நிலைத்துவிட்டது என்று பொருள். விதையால் புதிய செடியை உண்டாக்கி, காயால் அதை மாறாமல் காப்பாற்றும் வசதி ஒரே பயிரில் இருக்கிறது. ரக உருவாக்கம் ஆராய்ச்சி நிலையத்து வேலை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் செய்ய இதைவிட எளிய பயிர் கிடைப்பது அரிது.

பின் ஏன் அதிகம் பேர் செய்வதில்லை? சின்ன வெங்காயம் சுலபத்தில் பூப்பதில்லை என்பதுதான் காரணம். அதற்கு நாமும் ஒரு வகையில் பொறுப்பு. பூத்தண்டு ஓடிய செடியின் காய் நடுவில் கட்டையாகி, சீக்கிரம் அழுகும். சந்தையில் விலை போகாது. ஆகவே பூவெடுத்த செடியை எந்த விவசாயியும் விதைக்காய்க்கு எடுத்து வைப்பதில்லை. பூக்காத செடியையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தால் பூக்கும் குணம் குறைந்துகொண்டே வரத்தான் செய்யும். இன்னொன்று குளிர். வெங்காயக் காய்க்குள் பூ மொட்டு உருவாகச் சில வாரங்கள் குளிர் வேண்டும். சமவெளியில் அது மார்கழி, தையில்தான் ஓரளவு கிடைக்கிறது.

இந்தத் தடையை உடைத்தது கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அங்கிருந்து வந்த கோ 5 என்ற சின்ன வெங்காய ரகம் சமவெளியிலேயே தாராளமாகப் பூத்து விதை பிடிக்கக்கூடியது. அதற்கு முன்பு வந்த கோ 1 முதல் கோ 4 வரையிலான ரகங்களைக் காயாகத்தான் நட்டார்கள். விவசாயிக்கு இதனால் என்ன லாபம் என்பதை இரண்டே எண்ணில் சொல்லலாம். காயாக நட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் விதைக்காய் வேண்டும், விதையாக விதைத்து நாற்று நட்டால் சுமார் இரண்டரை கிலோ விதை போதும். விதைக்காய் விலை ஏறும் ஆண்டுகளில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று வெங்காயம் போட்டவர்களுக்குத் தெரியும். நம்மைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்கோ செலவு பெரிய விஷயமில்லை. பூக்கும் குணம் உள்ள ஒரு சின்ன வெங்காயம் கைக்குக் கிடைத்திருக்கிறதே, அதுதான் பெரிது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நம் சின்ன வெங்காயத்துக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. உருளைக்கிழங்கு வெங்காயம் என்று பெயர். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போலக் கூட்டமாகக் காய்க்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வீட்டுத் தோட்டங்களில் பரவலாக இருந்தது. அதையும் காயாகவே நட்டு வந்தார்கள். அபூர்வமாகப் பூத்த செடிகளிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர் விதை சேர்த்து விதைத்துப் பார்த்தபோது, நிறத்திலும் பருமனிலும் விதவிதமான செடிகள் கிடைத்தன. இதைப் படித்துவிட்டு அந்த விதையை வரவழைக்க ஆசைப்பட வேண்டாம். வெங்காயம் காய் பிடிப்பது பகல் பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. வடக்கு நாடுகளின் ரகங்களில் பலவற்றுக்குப் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல் நீண்டால்தான் காய் திரளும். தமிழ்நாட்டில் கோடையின் உச்சத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அந்த ரகங்கள் இங்கே தாள் விட்டுக்கொண்டே இருக்கும், காய் பிடிக்காது. நம் மண்ணின் வெங்காயம் சுமார் 11, 12 மணி நேரப் பகலிலேயே திரண்டு பழகியது. நமக்கு அதுதான் சரி.

விதைப்பு

கோ 5 விதையைப் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையங்களிலோ கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கினால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பெரிய வெங்காய விதையும் சின்ன வெங்காய விதையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உறையில் ரகத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு, எந்த ஆண்டு எடுத்த விதை என்பது. காய்கறி விதைகளிலேயே குறைந்த ஆயுள் கொண்டவற்றில் வெங்காய விதையும் ஒன்று. நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் சும்மா வைத்திருந்தால் ஓராண்டுக்குள் முளைப்புத்திறன் பெருமளவு போய்விடும். பழைய விதையை விதைத்துவிட்டு மண்ணைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆவணி மாதம் விதைக்க ஏற்றது. வெயில் தணிந்திருக்கும், அடைமழைக்கு இன்னும் நாள் இருக்கும். மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்த மண்ணில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளித்தால் போதும். ஒரு கைப்பிடி மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து தூவிவிட்டால் நாற்றழுகல் தொல்லை குறையும். ஏழு முதல் பத்து நாளில் முளை வரும். முதலில் எழுவது நிமிர்ந்த முளையல்ல, ஊசிக் காது போல் வளைந்த ஒரு பச்சை நூல். அது மெல்ல நிமிர்ந்து, நுனியில் கருப்பு விதைத் தோலைச் சுமந்துகொண்டு நிற்கும். தோலைப் பிடித்து இழுக்காதீர்கள், தானே விழும். 40, 45 நாளில் நாற்று நடுகிற பருவத்துக்கு வந்துவிடும்.

நாற்றுக்கு நாற்று 10 சென்டிமீட்டர் விட்டு நட்டால் ஒரு சதுர மீட்டரில் 100 செடி நிற்கும். மாடியில் 60 சென்டிமீட்டர் சதுரப் பை இருந்தால் 36 செடி. தேர்ந்தெடுக்கும் வேலைக்கு எண்ணிக்கை முக்கியம். பத்துச் செடியிலிருந்து நல்லதைத் தேடுவதற்கும் நூறிலிருந்து தேடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இடம் உள்ளவர்கள் நூறுக்குக் குறையாமல் நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. அடைமழை நாட்களில் பையைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த முடிந்தால் நல்லது. இலைப்பேன் தாளைச் சுரண்டிச் சாறு உறிஞ்சினால் வெள்ளி பூசியது போல் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆரம்பத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ஆனால் எல்லாச் செடியையும் ஒரேயடியாகத் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். பக்கத்துச் செடி துவளும்போது எது தெம்பாக நிற்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

காயில் நட்ட பயிர் 70 நாளில் முடிந்துவிடும். நாற்றாக நட்டது சுமார் 90 நாள் எடுக்கும். தை பிறந்ததும் தாள் சாயத் தொடங்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

விதையில் வந்த செடியைப் பிடுங்கிப் பார்க்கும்போது முதலில் சிறிது ஏமாற்றம் இருக்கும். கடையில் பார்க்கும் கொத்துக் கொத்தான சின்ன வெங்காயம் இருக்காது. விதைச் செடி முதல் போகத்தில் அதிகம் பிரியாமல் ஓரிரு காயாகத் திரள்வது சகஜம், காயும் சற்றுப் பெரிதாகவே இருக்கும். கொத்தாகப் பிரிகிற குணத்தை அந்தக் காயை மறுபடி ஊன்றிய பிறகுதான் சரியாக எடைபோட முடியும். ஆகவே பிரியவில்லை என்று எதையும் முதல் அறுவடையில் தூக்கி எறியாதீர்கள்.

முதல் அறுவடையில் ஒதுக்க வேண்டியவை வேறு. அடி அழுகியது, கழுத்து தடித்து மூடாமல் இருப்பது, தாள் திருகி வளர்ந்தது, எல்லாரும் சாய்ந்த பிறகும் பச்சையாகவே நிற்பது. தடித்த கழுத்துள்ள காய் வெளியில் எத்தனை அழகாக இருந்தாலும் வைத்தால் நிற்காது. மிஞ்சிய ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனியாக முடிந்து, ஒரு எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள். சிவப்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டு செடியின் காய்களை ஒன்றாகப் போட்டுவிட்டால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. இந்த வேலை முழுவதும் அந்தச் சீட்டில்தான் நிற்கிறது.

நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் கொடியில் தொங்கவிடுங்கள். இனிமேல் கோடை உங்களுக்காகத் தேர்வு வேலையைச் செய்யும். தையில் எடுத்த காய் வைகாசி வரை நான்கு மாத வெயிலைத் தாண்ட வேண்டும். சில முடிச்சுகள் பங்குனியிலேயே முளைவிடும், சில கருகிச் சுருங்கும், சிலவற்றிலிருந்து அழுகல் வாடை வரும். வைகாசிக்கும் இறுகிய காயாக, தோல் பளபளப்பாக இருப்பவை எத்தனை முடிச்சு என்று பாருங்கள். என்னைக் கேட்டால் வீட்டுத் தேவைக்கு வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தாங்கும் திறனைத்தான். பருமனும் நிறமும் பிறகு.

வைகாசி, ஆனியில் அந்த முடிச்சுகளை வரிசை வரிசையாக ஊன்றுங்கள். ஒரு வரிசை ஒரு செடியின் வாரிசு. ஆவணியில் எடுக்கும்போது எந்த வரிசை எத்தனையாகப் பிரிந்தது, காய் ஒரே அளவாக இருக்கிறதா என்பது கண்முன் தெரியும். சமையலறைச் சோதனையையும் இப்போது செய்யலாம். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஓரிரு காயை உரித்துப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். நல்லெண்ணெயில் முழுக் காயாக வதக்கி, உடையாமல் குழைகிறதா, இனிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். வத்தக்குழம்புக்குப் பிடித்த வரிசையும் சாம்பாருக்குப் பிடித்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தோலுரிக்கச் சிரமப்படுத்தாத வரிசை ஒன்று கிடைத்தால் வீட்டில் எல்லாரும் அதற்குத்தான் வாக்களிப்பார்கள்.

இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டாலும் உங்களிடம் சொந்த ரகம் ஒன்று இருக்கிறது. பிடித்த வரிசையின் காயை ஒவ்வொரு பட்டமும் ஊன்றி வந்தால் போதும். அடுத்த படிக்குப் போக விரும்புகிறவர்கள் பூவுக்குக் காத்திருக்க வேண்டும்.

பூவும் தேனீயும்

ஆவணியில் எடுத்த காயில், தேர்ந்த வரிசைகளின் பெருங்காய்களை இரண்டு மாதம் உறங்க வைத்து, ஐப்பசி கடைசியில் ஊன்ற வேண்டும். விதைக்கென்று ஊன்றுவது பருத்த காயாகவே இருக்கட்டும். சிறு காய்க்குக் குளிர் பட்டாலும் பூக்கும் வலு இருப்பதில்லை. கோ 5 வழியில் வந்தவை மார்கழி, தைக் குளிரில் தாமாகவே பூத்தண்டு விடும். ஊர் வழக்கத்தில் இருக்கும் நாட்டுக் காயைப் பூக்க வைக்க விரும்பினால், ஊன்றுவதற்கு முன் ஐந்தாறு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறி அறையில் காகிதப் பையில் போட்டு வைத்துப் பார்க்கலாம். 10 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்தான் தேவை, உறைய வைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காய விதை உற்பத்திக்குத் தாய்க்காய்களைக் குளிரூட்டி நடுவதும் இதே அடிப்படையில்தான்.

பூத்தண்டு உள்ளே குழலாக, பாதியில் சற்று உப்பி நிற்கும். நுனியில் ஒரு வெண்மையான மெல்லிய உறை. அது கிழிந்ததும் நூற்றுக்கணக்கான சிறு வெள்ளைப் பூக்கள் பந்தாக விரியத் தொடங்கும். ஒரே நாளில் விரியாது, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஒரு பூவை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆறு மகரந்தத் தண்டுகள் இருக்கும். உள்வட்டத்து மூன்றும் முதலில் ஒவ்வொன்றாக வெடித்து மகரந்தம் கொட்டும், பிறகு வெளிவட்டத்து மூன்று. அதுவரை நடுவில் உள்ள சூலகத் தண்டு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாகவே நிற்கும். தன் பூவின் மகரந்தம் தீர்ந்த பிறகே அது நீண்டு, நுனி பிசுபிசுப்பாகி, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கும். தன்னோடு தானே சேராமல் இருக்க இந்தப் பூ செய்துகொண்ட ஏற்பாடு இது. அதே பந்தில் உள்ள பக்கத்துப் பூவிலிருந்து மகரந்தம் வரலாம் என்பதால் முழுத் தடை என்று சொல்ல முடியாது.

வெங்காயத்துக்கு அயல் மகரந்தம் வேண்டும். ஒரே செடியின் மகரந்தத்திலேயே தொடர்ந்து விதை எடுத்தால் இரண்டு மூன்று தலைமுறையில் நாற்று நோஞ்சானாகிவிடும். அதனால் ஒரே வரிசையின் காயை மட்டும் விதைக்கு ஊன்றாதீர்கள். அந்த வரிசையில் இருபது செடி இருந்தாலும் அது ஒரே செடிதான் என்பதை மறக்கக் கூடாது. பிடித்த பத்துப் பதினைந்து வரிசைகளிலிருந்து ஆளுக்கு இரண்டாகக் கலந்து ஊன்றுங்கள். தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும் ஈக்களும் வெங்காயப் பூவைத் தேடி வரும். பூத்திருக்கும் வாரங்களில் எந்தப் பூச்சி மருந்தும் தெளிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்கூட வேண்டாம். தேனீ வராத அடுக்குமாடி மொட்டைமாடியில் மென்மையான தூரிகையால் காலையில் ஒரு பந்திலிருந்து இன்னொரு பந்துக்குத் தடவிவிடலாம்.

இரண்டு குறிப்பிட்ட வரிசைகளை மட்டும் சேர்க்க விரும்பினால், இரண்டு பூப்பந்துகளையும் ஒன்றாக மெல்லிய துணிப்பைக்குள் கட்டி, தினமும் பையைத் திறந்து தூரிகையால் தடவி மூடிவிடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், தாயாகப் போகும் பந்தில் இருபது முப்பது மொட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்து, விரியும் பூக்களின் மகரந்தப் பைகளை வெடிக்கும் முன் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் கை பழகிவிட்டால் கஷ்டமில்லை. பெரிய வெங்காயமும் இதே இனம்தான் என்பதால் அதோடும் சேரும். பக்கத்து வயலில் பெரிய வெங்காயம் பூத்திருந்தால் தேனீ அந்த மகரந்தத்தையும் கொண்டு வரும். சான்று விதை எடுப்பவர்கள் அரை கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை இடைவெளி விடுவது இதனால்தான். வீட்டுத் தோட்டத்தில் ரகத் தூய்மை காப்பதைவிடக் கலந்து பார்ப்பதே நோக்கம் என்பதால் நான் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

பூ உதிர்ந்த இடத்தில் மூன்று அறை கொண்ட சிறு விதைக்கூடு பிடிக்கும். அறைக்கு இரண்டாக ஆறு விதை வரை இருக்கலாம். பந்தில் பத்தில் ஒரு பங்கு கூடு வெடித்துக் கருப்பு விதை எட்டிப் பார்க்கும்போது தண்டோடு அறுத்துவிடுங்கள். பங்குனி வாக்கில் இது நடக்கும். எல்லாம் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றிய நல்ல விதை மண்ணில் கொட்டிப்போகும். காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டு நிழலில் உலர்த்தி, கையால் கசக்கிப் புடைத்தால் விதை தனியாக வரும். பதர் நிறைய இருந்தால் தண்ணீரில் கொட்டுங்கள். மூழ்குவதை எடுத்து, தாமதிக்காமல் மெல்லிய துணியில் பரப்பி உலர்த்த வேண்டும்.

நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத சிறு புட்டியில் போட்டு, ஆண்டும் வரிசை எண்களும் எழுதி, அடுத்த ஆவணி வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எத்தனை ஆசையாக இருந்தாலும் மொத்த விதையையும் ஒரே ஆவணியில் விதைக்க வேண்டாம், பாதி இருக்கட்டும். அதேபோல் தேர்ந்த வரிசைகளின் காயில் ஒரு பிடியைத் தோட்டம் வைத்திருக்கும் உறவினருக்கோ பக்கத்து வீட்டுக்கோ சீட்டோடு கொடுத்துவிடுங்கள். அடி அழுகல் ஒரு தோட்டத்து மண்ணில் வந்தால் பல ஆண்டு போகாது. அப்போது திரும்பி வாங்கி நட இன்னொரு வீட்டில் அந்தக் காய் இருக்கும்.